காலவரையறை நீங்கிய ஒப்பந்தம்: அணுவாயுதப் பரவல் தடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சர்வதேச ஒப்பந்தங்களைச் சட்டவியலாரும் அரசறிவியலாரும் ஆராய்வதே வழக்கம். இலக்கிய மாணவராகிய நாம் அத்துறையிற் புகுவதற்கு நியாயம் ஏதும் உண்டெனில், அது ஒன்றே: ஒப்பந்தமும் ஒரு பனுவல். அது யாரால், யாரை நோக்கி, எத்தகைய அதிகார உறவுகளின் மத்தியில் ஆக்கப்பட்டது என்பதை அதன் சொற்களே ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. 1968ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி கைச்சாத்துக்கு வைக்கப்பட்டு, 1970 மார்ச் 5ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இதற்குத் தக்க சான்றாகும். பதினொரு உறுப்புரைகளே கொண்ட சிறிய ஆவணம் அது. ஆயினும் ஏறத்தாழ 190 நாடுகளைப் பிணைத்து நிற்பது.

இவ்வொப்பந்தம் எதிர்நோக்கும் நெருக்கடி சில அடங்காத நாடுகளின் நடத்தையினால் விளைந்தது என்னும் விளக்கமே மேலைத்தேய ஏடுகளிற் பெருவழக்காயுள்ளது. வட கொரியா, ஈரான், முன்னர் ஈராக், லிபியா என்று பெயர்ப்பட்டியல் ஒன்றும் ஆயத்தமாக இருக்கும். இவ்விளக்கம் முற்றிலும் பொய் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் அது நோயின் குறியை நோயாகக் கொள்கின்றது. ஒப்பந்தம் ஒரு கொடுக்கல் வாங்கலாக அமைக்கப்பட்டது. அதில் ஒரு தரப்பு தான் கொடுக்கவேண்டியதை முதல் நாளிலேயே கொடுத்தது. மறு தரப்புக்குத் தவணை எதுவும் விதிக்கப்படவில்லை. இந்தச் சமமின்மையை ஓரளவுக்கேனும் ஈடுசெய்தது ஒப்பந்தத்துக்கு விதிக்கப்பட்டிருந்த 25 ஆண்டுக் கால எல்லையே. 1995ஆம் ஆண்டில் அவ்வெல்லையும் நீக்கப்பட்டது. அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பது நமது கருத்து.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தனது முதலாவது தீர்மானத்தை 1946 ஜனவரி 24ஆம் திகதி நிறைவேற்றியது. நாடுகளின் படைக்கலத் தொகுதிகளிலிருந்து அணுவாயுதங்களை நீக்கும் வழிவகைகளை ஆராய்வதற்கு ஆணைக்குழுவொன்றை அத்தீர்மானம் நிறுவிற்று. அவ்வாண்டு ஜூன் 14ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சார்பிற் பேர்னார்ட் பரூச் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அணுசக்தி முயற்சிகள் ஒரு சர்வதேச அதிகாரசபையின் கீழ் வரல் வேண்டும். மீறுவோரைத் தண்டிக்கும்போது வீட்டோ அதிகாரம் செல்லாது. இக்கட்டுப்பாட்டு முறை நிலைபெற்ற பின்னரே அமெரிக்கா தன் குண்டுகளைக் கைவிடும். ஐந்து நாட்களின் பின் சோவியத் பிரதிநிதி கிரோமிக்கோ இதற்கு நேர்மாறான ஒழுங்கை முன்மொழிந்தார்: முதலில் தடையும் அழிப்பும், கட்டுப்பாடு அதன் பின்னரே. இரு தரப்பும் ஒரே இலக்கைக் கூறின. எது முந்தியது, எது பிந்தியது என்பதிலேயே பிணக்கு. பேச்சு நடந்துகொண்டிருந்த ஜூலை மாதம் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டொன்றை வெடித்துப் பரிசோதித்தது. சோவியத் ஒன்றியமும் அவ்வேளையில் தனது குண்டைச் செய்யும் பணியில் மும்முரமாக ஈடுபட்டிருந்தது. 1949 ஆகஸ்ட் 29ஆம் திகதி அது வெடித்தது. யார் முதலில் கைவிடுவது என்ற இந்த வினாவே பிற்காலத்து ஒப்பந்தங்கள் யாவற்றினுள்ளும் வெவ்வேறு வேடங்களில் மீளத் தோன்றுவதைக் காண்கிறோம்.

இக்குண்டுகளின் புவியியலையும் இவ்விடத்து மனங்கொள்ளல் தகும். ஹிரோஷிமாக் குண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாயிருந்த கொங்கோவின் ஷிங்கொலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்கா 1946க்கும் 1958க்கும் இடையில் மார்ஷல் தீவுகளில் 67 பரிசோதனைகளை நடத்தியது. பிரித்தானியா தனது முதற் குண்டை 1952 ஒக்டோபர் 3ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மொன்ரே பெல்லோ தீவுகளில் வெடித்தது. பிரான்ஸ் 1960 பெப்ரவரி 13ஆம் திகதி அல்ஜீரிய மக்கள் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருக்கையில் அவர்களது சகாராப் பாலைவனத்தில் வெடித்தது. சோவியத் ஒன்றியம் கசாக் மக்களின் புல்வெளியாகிய செமிப்பலாற்றின்ஸ்க்கில் 1949 தொடக்கம் 1989 வரை 456 பரிசோதனைகளை நடத்தியது. ஏகாதிபத்தியம் பிறர் நிலத்தைப் பாழாக்கியது என்று மட்டும் எழுதிவிட்டு, கசாக்ஸ்தானைப் பற்றி வாய் திறவாதிருத்தல் நமது ஆய்வு முறைக்கு இழுக்காகும்.

1954 மார்ச் 1ஆம் திகதி பிகினியில் வெடிக்கப்பட்ட 15 மெகாதொன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் 23 மாலுமிகள் மீது படிந்தது. அவர்களில் ஒருவர் அவ்வாண்டு செப்டெம்பரில் மாண்டார். பரிசோதனைகளை நிறுத்தவேண்டும் என்ற குரல் அதன் பின்னரே உலகெங்கும் வலுப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் நேரு பரிசோதனைகளை இடைநிறுத்தும் உடன்பாடொன்றை முன்மொழிந்தார். அதன் விளைவுகளுள் ஒன்றாக 1963 ஆகஸ்ட் 5ஆம் திகதி மொஸ்கோவிற் கைச்சாத்தான பகுதிப் பரிசோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் நீரடியிலும் விண்வெளியிலும் வெடித்தலைத் தடுத்தது. நிலத்தடியில் வெடிப்பதை அனுமதித்தது. சுவாசிக்கும் காற்று தூய்மையாயிற்று என்பதும், ஆயுதப் போட்டி மண்ணுக்கடியிற் சென்று மக்கள் கண்ணிலிருந்து மறைந்தது என்பதும் ஒருங்கே உண்மைகளாகும்.

இவ்வொப்பந்தம் இலங்கை இடதுசாரிகளுக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அணுகுண்டில்லாதோரை நிரந்தரமாகக் கட்டிப்போடும் வல்லரசுச் சதி என்று சீனா அதனைக் கண்டித்தது; சமாதான சகவாழ்வின் முதற் கனி என்று மொஸ்கோ அதனைப் போற்றிற்று. அவ்விவாதம் 1963–64 காலப்பகுதியில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தமைக்கு ஏதுவாயிருந்த பிணக்குகளுள் ஒன்று. நா. சண்முகதாசன் தலைமையிலான பிரிவு பீக்கிங் நிலைப்பாட்டை ஏற்றது. தமிழ் முற்போக்கு எழுத்தாளரும் இப்பிளவினின்றும் தப்பவில்லை. 1964 ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா லொப் நோரில் தன் முதற் குண்டை வெடித்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் குண்டு என்று அதனை வரவேற்றோர் நம்மிடையே இருந்தனர். ஒப்பந்தம் சமமற்றது என்ற விமர்சனம் சரியானது. அதற்கு மருந்தாக இன்னொரு குண்டைக் காட்டியது தவறானது. முன்னதைச் சொல்வதற்காகப் பின்னதையும் ஏற்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அக்காலத்து அணிபிரிப்பின் விளைவேயன்றி, மார்க்சியத்தின் தேவையன்று.

இனி ஒப்பந்தத்தின் பனுவலுக்கு வருவோம். 1961ஆம் ஆண்டில் அயர்லாந்தின் முயற்சியாற் பொதுச்சபையில் நிறைவேறிய தீர்மானமே அதன் வித்து. ஆயினும் நகலை வரைந்தோர் அமெரிக்கரும் சோவியத்தாருமே. வியட்நாமில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இவ்விரு அரசுகளும் இவ்வொரு கருமத்தில் ஒன்றுபட்டமை தற்செயலன்று. ஒன்பதாம் உறுப்புரை, 1967 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் அணுவெடிப்பு நிகழ்த்திய நாடே அணுவாயுத நாடு என வரையறுக்கின்றது. ஒரு திகதியே தகுதியாயிற்று. நிலமானிய சமூகத்திற் பிறப்பு ஆற்றிய பணியை இங்கு நாட்காட்டி ஆற்றுகின்றது எனலாம். இரண்டாம் உறுப்புரைப்படி ஏனைய நாடுகள் குண்டைப் பெறுவதோ செய்வதோ இல்லையென உறுதி கூறுகின்றன. மூன்றாம் உறுப்புரைப்படி, அவ்வுறுதியைச் சர்வதேச அணுசக்தி முகவரகம் நேரிற் சென்று சோதிக்கும். இதற்குக் கைம்மாறாக நான்காம் உறுப்புரை சமாதானத் தேவைக்கு அணுசக்தியைப் பயன்படுத்தும் உரிமையை ஏற்கின்றது. ஆறாம் உறுப்புரையோ ஆயுதக் களைவு பற்றியது.

இவ்வாறாம் உறுப்புரையின் வாக்கிய அமைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் பயனுடையது. ஆயுதங்களைக் களைவோம் என்று அது கூறவில்லை. களைவு பற்றிய பேச்சுவார்த்தைகளை நல்லெண்ணத்துடன் தொடர்வோம் என்றே கூறுகின்றது. வாக்குறுதிக்குப் பொருளாவது செயல் அன்று. செயலைப் பற்றிய பேச்சு. தவணை இல்லை. சோதிப்பார் இல்லை. மீறினால் முறையிடுதற்கு மன்றமும் இல்லை. இரண்டாம் உறுப்புரை கடன்பத்திரத்தின் மொழியிலும், ஆறாம் உறுப்புரை நாட்டாண்மைக்காரர் குடிமகனுக்குத் தரும் ஆறுதல் மொழியிலும் எழுதப்பட்டுள்ளன. இந்தியா இதிற் கைச்சாத்திட மறுத்தமைக்கு இதனையே பிரதான நியாயமாகக் காட்டியது. அந்நியாயம் வலுவானது. ஆனால் 1974 மே 18ஆம் திகதி பொக்ரானில், சமாதானத் தேவைக்கெனக் கனடா வழங்கிய உலையிற் பெறப்பட்ட புளுட்டோனியத்தைக் கொண்டு குண்டொன்றை வெடித்து, அதற்குச் சமாதான வெடிப்பு என்று பெயரும் இட்டபோது, அந்நியாயம் தன் ஒழுக்க வலிமையை இழந்தது. புத்தரின் புன்முறுவலை அதன் குறிப்பெயராக வழங்கியமை, சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு எத்துணை தூரம் சிதையலாம் என்பதற்கு நல்ல உதாரணம்.

ஒப்பந்தத்தின் பத்தாம் உறுப்புரை, நடைமுறைக்கு வந்து 25 ஆண்டுகளின் பின் மாநாடொன்று கூடி, அதனைக் காலவரையின்றி நீடிப்பதா, குறித்த காலத்துக்கு நீடிப்பதா என்று தீர்மானிக்கவேண்டும் என்றது. காலவரையற்ற பிணைப்பை இத்தாலி முதலான நாடுகள் விரும்பாமையால் வந்து சேர்ந்த ஏற்பாடு இது. குண்டில்லாத நாடுகளின் கையில் இருந்த ஒரே பிடி இதுதான். கடன் தந்தவர் தவணை முடியும் நாளில் மட்டுமே கேள்வி கேட்க முடியும் என்பது சந்தை அறிந்த எவருக்கும் தெரிந்ததே.

அந்நாள் 1995 ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க்கில் வந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கையரான ஜயந்த தனபால. சூழ்நிலை குண்டுடையோருக்குச் சாதகமாக இருந்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்துவிட்டது. பிரான்சும் சீனாவும் 1992இல் ஒப்பந்தத்திற் சேர்ந்திருந்தன. தென்னாபிரிக்கா தான் இரகசியமாகச் செய்த ஆறு குண்டுகளைப் பிரித்தழித்ததாக 1993இல் அறிவித்தது. உக்ரேன், பெலாரஸ், கசாக்ஸ்தான் ஆகியவை தம் மண்ணிலிருந்த சோவியத் ஆயுதங்களைக் கைவிட உடன்பட்டு, 1994 டிசெம்பர் 5ஆம் திகதி புடாபெஸ்ற்றில் அமெரிக்கா, பிரித்தானியா, ருஷ்யா ஆகியவற்றின் பாதுகாப்பு உறுதிமொழிகளைப் பெற்றன. நம்பிக்கைக்கு இடமிருந்த காலம் என்பதை நாம் மறுக்க முடியாது. ஆயினும் அணிசேரா நாடுகளுட் சில நிதானமாகவே சிந்தித்தன. ஒவ்வொரு 25 ஆண்டுக்கும் ஒருமுறை புதுப்பிக்கும் யோசனையை இந்தோனேசியா முதலியன முன்வைத்தன. அது ஏற்கப்பட்டிருப்பின் 2020இல் மறுபடியும் தவணை நாள் வந்திருக்கும்.

நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் காலவரையற்ற நீடிப்பை ஆதரித்த நிலையில், வாக்கெடுப்பு நடந்தாற் பிளவு அம்பலமாகும் என்பதைத் தலைவர் உணர்ந்திருந்தார். எனவே நிரந்தர நீடிப்பை, மீளாய்வு முறையைப் பலப்படுத்தல், ஆயுதக் களைவுக்கான கோட்பாடுகள், மத்திய கிழக்கை அணுவாயுதமற்ற வலயமாக்கும் தீர்மானம் ஆகியவற்றோடு ஒரு பொதியாகக் கட்டி, மே 11ஆம் திகதி வாக்கெடுப்பின்றி நிறைவேற்றினார். இராஜதந்திரக் கலை என்ற அளவில் இது பெருஞ் சாதனையே. சிறு நாடொன்றின் பிரதிநிதிக்கு வல்லரசுகளின் மத்தியிற் கிடைக்கக்கூடிய எல்லையும் அதுதான் போலும். ஆனால் பொதியினுள் இருந்த பொருள்கள் ஒரே தன்மையன அல்ல. நீடிப்பு அன்றே சட்டமாயிற்று. ஏனையவை வாக்குறுதிகளாக நின்றன. 1968இன் இலக்கணம் மறுபடியும் எழுதப்பட்டது.

வாக்குறுதியின் பெறுமதி உடனே தெரியவந்தது. முழுமையான பரிசோதனைத் தடை வரும்வரை மிகுந்த கட்டுப்பாட்டைக் கைக்கொள்ளவேண்டும் என்று மாநாடு கேட்டிருந்தது. மே 15ஆம் திகதி சீனா பரிசோதனை நடத்தியது. ஜூனிற் பிரான்ஸ் தனது பரிசோதனைகளை மீளத் தொடங்கப்போவதாக அறிவித்து, செப்டெம்பர் தொடக்கம் அடுத்த ஆண்டு ஜனவரி வரையில் பசிபிக்கின் முறுறோவா, பங்கடாவுபா தீவுகளில் ஆறு குண்டுகளை வெடித்தது. முழுமையான பரிசோதனைத் தடை ஒப்பந்தம் 1996இற் கைச்சாத்துக்கு வந்ததெனினும், அமெரிக்க மேற்சபை 1999இல் அதனை நிராகரித்தது. ருஷ்யா 2023இல் தனது ஏற்புறுதியை மீளப்பெற்றது. நடைமுறைக்கு வருவதற்குத் தேவையான 44 நாடுகளின் ஏற்புறுதி நிறைவேறாமலே உள்ளது. மத்திய கிழக்குத் தீர்மானத்தை முன்மொழிந்தவை அமெரிக்கா, பிரித்தானியா, ருஷ்யா ஆகிய மூன்றுமே. 2015ஆம் ஆண்டு மீளாய்வு மாநாடு அதே விடயத்தில் முறிந்தபோது, உடன்பட மறுத்தோருள் அமெரிக்காவும் பிரித்தானியாவும் அடங்கின. 2022ஆம் ஆண்டு மாநாட்டின் அறிக்கையை, உக்ரேனின் சப்போரிசியா அணுமின் நிலையம் பற்றிய வாசகங்களுக்காக ருஷ்யா தடுத்தது.

தனபாலவின் மாநாட்டுக்கு ஓராண்டின் பின் இன்னோர் இலங்கையர் இதே வினாவை வேறொரு மன்றத்தில் எதிர்கொண்டார். 1996 ஜூலை 8ஆம் திகதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், அணுவாயுதப் பிரயோகம் பொதுவாகச் சட்டவிரோதமானது என்றும், ஆயினும் ஓர் அரசின் உயிர்வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் உச்சநிலையில் அவ்வாறு திட்டமாகச் சொல்ல முடியாது என்றும் ஆலோசனைக் கருத்து வழங்கியது. வாக்குகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் முடிவாயிற்று. சீ. ஜீ. வீரமந்திரி அம்முடிவினின்று மாறுபட்டு நீண்டதொரு தீர்ப்புரை எழுதினார். எச்சூழ்நிலையிலும் எவ்வித விலக்குமின்றி இவ்வாயுதம் சட்டவிரோதமானதே என்பது அவர் நிலைப்பாடு. போர் அறம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று எனக் காட்ட அவர் பௌத்த, இஸ்லாமிய மரபுகளையும், பகைவர் குலம் முழுவதையும் அழிக்கவல்ல படைக்கலத்தை இராமன் இலக்குவனுக்கு மறுக்கும் இராமாயணச் செய்தியையும் எடுத்தாண்டார். காவிய அறத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறையில் நமக்கு ஐயமுண்டு. நிலமானிய காலத்துப் போர் அறம் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்காமல் விடமுடியாது. எனினும் சட்டத்தின் மொழி சிலரது ஏகபோக உடைமையன்று என்பதை அம்மன்றத்திலேயே நிலைநாட்ட முயன்றார் என்ற வகையில் அவரது உரை முக்கியமானது. அக்கருத்துரையில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்த பகுதியும் உண்டு: ஆறாம் உறுப்புரை பேசுவதற்கான கடப்பாடு மட்டுமன்று, பேசி முடிப்பதற்கான கடப்பாடும் ஆகும் என்பதே அது. 2014இல் மார்ஷல் தீவுகள் இக்கடப்பாட்டை வைத்து வழக்காடியபோது, 2016இல் அதே நீதிமன்றம் விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. பிரித்தானியாவுக்கு எதிரான வழக்கில் எட்டுக்கு எட்டு. மீண்டும் தலைவரின் வாக்கு.

பிடி போனபின் மற்றவையும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் வெடித்தன. அதன்பொருட்டு விதிக்கப்பட்ட தடைகளின் ஈரம் காயுமுன், 2008 செப்டெம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விசேட விலக்களித்தது. 1974இன் இந்திய வெடிப்பைக் காரணமாகக் கொண்டு உருவான குழுவே அது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோருக்கு மட்டுமே உரியதெனக் கூறப்பட்ட சலுகை, சந்தையும் சீனாவுக்கெதிரான வியூகமும் வேண்டியபோது ஒப்பமிடாதவருக்கும் கிடைத்தது. வட கொரியா 2003 ஜனவரியில் ஒப்பந்தத்தினின்றும் விலகுவதாக அறிவித்து, 2006 தொடக்கம் 2017 வரை ஆறு பரிசோதனைகளை நடத்தியது. 2003 டிசெம்பரில் தன் திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் ஆட்சி 2011இல் வெளிநாட்டுக் குண்டுவீச்சின் துணையோடு வீழ்த்தப்பட்டது. புடாபெஸ்ற் உறுதிமொழி பெற்ற உக்ரேனின் கிரைமியாவை 2014இல் ருஷ்யா இணைத்துக்கொண்டது. 2022இல் முழுநாட்டின் மீதும் படையெடுத்தது. ஈரானுடன் 2015இற் செய்த உடன்பாட்டிலிருந்து அமெரிக்கா 2018இல் விலகியது. அதன் பின்னர் ஈரான் 60 சதவீதம் வரை யுரேனியத்தைச் செறிவூட்டியது. தன் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என அணுசக்தி முகவரகத்தின் ஆளுநர் சபை 2025 ஜூன் 12ஆம் திகதி தீர்மானித்தது. மறுநாள் இஸ்ரேலும் 22ஆம் திகதி அமெரிக்காவும் அந்நாட்டின் அணு நிலையங்களைத் தாக்கின. தாக்கப்பட்டது ஒப்பந்த உறுப்பு நாடு. தாக்கியவற்றுள் ஒன்று ஒப்பந்தத்திற் சேராது குண்டு வைத்திருக்கும் நாடு. இவற்றினின்று சிறு நாடுகளின் ஆளும் வர்க்கங்கள் கற்கும் பாடம் என்னவாயிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அணுவாயுத எண்ணிக்கை 1986 அளவில் இருந்த ஏறத்தாழ 70,000இலிருந்து ஏறத்தாழ 12,000ஆகக் குறைந்ததே என்று சிலர் மறுப்புரைக்கலாம். குறைந்தது உண்மை. குறைத்தது ஆறாம் உறுப்புரையன்று. 1987இன் இடைத்தூர ஏவுகணை ஒப்பந்தம் முதலாக அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும், பின்னர் ருஷ்யாவும், தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகளும், பழைய ஆயுதங்களின் தேய்வுமே. அவ்வொப்பந்தம் 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. 2010இன் புதிய ஸ்ரார்ட் ஒப்பந்தத்திற் பங்குபற்றுவதை ருஷ்யா 2023 பெப்ரவரியில் இடைநிறுத்தியது; அதன் ஆயுட்காலமோ 2026 பெப்ரவரி 5ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது.

இவ்விடத்தில் மார்க்சியருக்குள் எழுந்த விவாதமொன்றைக் குறிப்பிடல் பொருந்தும். 1980இல் ஈ. பி. தொம்சன், அணுவாயுதப் போட்டி வர்க்க நலன்களின் கருவி என்ற நிலையைக் கடந்து, இரு முகாம்களிலும் தன்னியக்கத்தால் முன்செல்லும் அழிப்பு முறைமையாகிவிட்டது என்று வாதிட்டார். தொழில்நுட்பத்தைத் தனி இயக்கு சக்தியாகக் காணும் போக்கு இது என்று றேமண்ட் வில்லியம்ஸ் எதிருரைத்தார். நாம் வில்லியம்ஸ் பக்கமே சாய்கின்றோம். ஆயுதம் தானே முடிவெடுப்பதில்லை; அதற்குப் பணமொதுக்கும் பாராளுமன்றங்களும், இலாபம் பெறும் நிறுவனங்களும், தரம் பிரிக்கப்பட்ட அரசுகளின் ஒழுங்கும் இருக்கின்றன. எனினும் தொம்சன் சுட்டிய ஒன்றைத் தள்ளிவிட முடியாது: ஒரு முகாமின் குண்டு மற்றதன் குண்டை நியாயப்படுத்துகிறது. சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னும் அதன் குண்டுகள் மறையாமல் ருஷ்யாவிடம் சென்றமை இதற்குக் கண்கூடான சான்று.

1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் யோசனையைச் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்தார்; அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் திகதி அது தீர்மானமாயிற்று. டியாகோ கார்சியாவிலிருந்து ஒரு கப்பலும் அதனால் அகலவில்லை. இவ்வனுபவமுள்ள நாடுகளே, 1995இல் இழந்த பிடிக்கு மாற்றுத் தேடி, 2017 ஜூலை 7ஆம் திகதி 122 வாக்குகளால் அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. 2021 ஜனவரி 22ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2023இற் சேர்ந்தது. குண்டுடைய ஒன்பது நாடுகளும் அதற்கு வெளியிலேயே நிற்கின்றன. ஆதலால் அது வெறுங் கடதாசி என்பர். பழைய ஒப்பந்தத்தோடு ஒப்பிடுகையில் அதன் பனுவலில் ஒரு மாற்றம் தெரிகின்றது: திகதியால் தகுதி பெறுவோர் அதில் இல்லை. பரிசோதனைகளாற் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதும் பாழான நிலத்தைச் சீர்செய்வதும் அதன் ஆறாம், ஏழாம் உறுப்புரைகளில் கடமைகளாக எழுதப்பட்டுள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்தும் முயற்சிக்குத் தலைமை தாங்க முன்வந்தவை இரண்டு நாடுகள். ஒன்று செமிப்பலாற்றின்ஸ்க்கைத் தன்னகத்தே கொண்ட கசாக்ஸ்தான்; மற்றையது, பிரித்தானியாவும் அமெரிக்காவும் தம் குண்டுகளை வெடித்த கிறிஸ்மஸ் தீவு அடங்கிய கிரிபாட்டி.